சித்திரையில் வெந்த பருப்பு

விண்ணரசி கல்யாணமாகி அரியலூருக்கு வந்த மறுநாள் வைத்த முதல் குழம்பில் பருப்பு வேகவில்லை. ஒரு கட்டு விறகு எரிந்து சாம்பலாயிற்று. பருப்பு மட்டும் போட்டது போட்டபடி சட்டியின் அடியில் கிடந்தது. புதுப் பெண்டாட்டிக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து, அவள் அதை அம்மியில் வைத்து அரைத்துக் கரைத்து ஊற்றினாள்.

அவள் கணவன் மரியசூசை கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டுத் தைப்பவன். வாய் ஓயாதவன். ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஒன் மேல தப்பில்ல புள்ள. கெணத்து மேல தப்பு. இந்தத் தண்ணியில பருப்பு வெந்துச்சுன்னா நாளைக்கே நான் கவர்னருக்குக் கோட்டு தைப்பேன்."

விண்ணரசிக்கு இது புதிது. அவள் பிறந்தது வரதராசன்பேட்டையில். செம்மண்ணும் முந்திரிக்காடும் உள்ள ஊர். அங்கே எந்தக் கிணற்றில் இறைத்தாலும், எந்த மாதத்தில் இறைத்தாலும் தண்ணீர் ஒரே ருசிதான். தண்ணீரில் நல்லது கெட்டது உண்டு என்பதே அவளுக்கு அரியலூர் வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே ஒரு வீட்டுக் கிணறு இனிக்கும், அடுத்த வீட்டுக் கிணறு கரிக்கும். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கிணறு கரிக்கிற கிணறு. நல்ல தண்ணீருக்கு எதிர்வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

எதிர்வீட்டு அம்மாள் கெட்டவள் என்று சொல்ல முடியாது. தரவே மாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தன் வீட்டு வேலை முடிந்ததும் கயிற்றையும் வாளியையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவாள், அவ்வளவுதான். விண்ணரசி குடத்தோடு வாசலில் நிற்பாள். உள்ளே இருந்து குரல் வரும்: "இப்பத்தான் கயித்த எடுத்து வெச்சேன், கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதா?" முன்னாடியே போனால், "எங்க வூட்டு ஆளுவளே இன்னும் குளிக்கல" என்று வரும். ஐந்து வருஷம் அப்படி நின்றாள். கருவுற்றிருந்தபோதும் நின்றாள், அந்தக் கரு தங்காமல் போன பிறகும் நின்றாள்.

அதனால் சொந்த வீடு என்று அவள் நினைத்தபோதெல்லாம் சுவரோ கூரையோ அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கிணறு தெரிந்தது. அதில் ஒரு கயிறு தொங்கிக்கொண்டே இருந்தது.

நாற்பத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில் அவள் அண்ணன் சவரியார் வந்து, அப்பாவின் முந்திரிக்காட்டில் அவளுக்குரிய பங்கைத் தந்துவிடுவதாகச் சொன்னான்.

"வர்ற சித்திரையில கொட்டை எடுத்து வித்ததும் கையில குடுத்துர்றேன். அதுக்குள்ள மனை பாத்து வெய்யி. நம்ம சனம் இருக்கற எடமாப் பாரு."

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. துணிக்கும் கட்டுப்பாடு. மிஷின் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். அண்ணன் தருகிற பணம் ஒரு தடவைதான் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இடத்தைத் தப்பாக வாங்கிவிட்டால் அந்தத் தப்பிலேயே ஆயுசுக்கும் குடியிருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் மனை பார்க்கக் கிளம்பினார்கள். மரியசூசை முழக்கோலை எடுத்துக்கொண்டான். விண்ணரசி முந்தானையில் இரண்டு கை துவரம்பருப்பை முடிந்துகொண்டாள்.

"இது எதுக்கு? பூமிக்குச் சோறு போடப் போறியா?"

"நீங்க கோல வெச்சு அளங்க. நா பருப்ப வெச்சு அளக்குறேன்."

முதலில் மாதா கோயில் தெருவுக்குப் போனார்கள். சொந்தக்காரர் ஒருவர் வீட்டு அடுப்பில் இடம் கேட்டு, அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பைப் போட்டாள். அது கொதித்தது, குதித்தது, கரையவில்லை. "ரெண்டு எட்டு வெச்சா கோயிலு. அதைவிட என்ன வேணும் ஒனக்கு?" என்று வீட்டுக்கார அம்மாள் கோபித்துக்கொண்டாள். "செபம் பண்ணவும் தெம்பு வேணுமே சித்தி" என்று விண்ணரசி சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ரயில் கேட்டுக்கு அப்பால் காளவாய் மேடு. சுண்ணாம்பு சுட்ட பழைய காளவாய் ஒன்று இடிந்து கிடந்தது. சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி. நான்கைந்து கூரை வீடுகள். விளக்குக் கம்பம் கிடையாது. சுண்ணாம்பு நீற்றுவதற்காக வெட்டிய கிணறு ஒன்று மட்டும் நல்ல கல் கட்டுமானத்தோடு இருந்தது. காளவாய்க்காரர் கொளஞ்சியப்பன் தொழிலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு, அந்தக் கிணற்றைச் சேர்த்தே மனையாக விற்க நினைத்திருந்தார். விண்ணரசி அடுப்பு கேட்டபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பொண்ணு பாக்க வந்தாப் பாடச் சொல்லுவாங்க. நீ தண்ணியச் சமைக்கச் சொல்லுறியே அம்மா!"

அங்கே பருப்பு வெந்தது. ஆனால் மரியசூசைக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

"கேட்ட சாத்திட்டான்னா கூட்ஸ் வண்டி எப்பப் போயி எப்பத் தொறக்கறது? நாம கோயிலுக்குப் போறதுக்குள்ள பூசை வெச்சு நன்மை குடுத்து முடிச்சு சாமியார் காப்பியே குடிச்சிருவாரு. இங்க மனுசன் இருப்பானா?"

மூன்றாவதாகப் பார்த்ததுதான் புதுத்தோப்பு. ஊரின் தெற்கே, கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். கருப்பண்ணன் என்பவர் தன் மாந்தோப்பின் ஒரு பகுதியை மனையாகப் பிரித்திருந்தார். மரியசூசை கோலைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெரிய மாமரத்தடியில் போய் நின்றான்.

"மிஷின இங்க போட்டுருவேன். நெழலு. காத்து. தெக்கால பாத்து ஒரு சன்னல். விண்ணரசி, இந்த மரத்தப் பாரேன்!"

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. கருப்பண்ணனின் அக்கா முத்தாயியிடம் அடுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். முத்தாயி புருஷனை இழந்து தம்பி வீட்டில் இருப்பவள். தயிர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் விற்பவள். பருப்பு முடிச்சைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுப்பை ஊதிக் கொடுத்தாள்.

பருப்பு பூவாக மலர்ந்தது. கரண்டியால் தொட்டதும் மசிந்தது. விண்ணரசி ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "மாதாவே!" என்றாள். வரதராசன்பேட்டைத் தண்ணீருக்கு ஒரு மாற்றுக் குறையாது.

"இது காத்திகத் தண்ணி புள்ள..." என்று முத்தாயி மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா! டைலர் அண்ணனுக்கு மோர் கொண்டா!" என்று வெளியிலிருந்து கருப்பண்ணன் கூப்பிட்டார். முத்தாயி எழுந்து போய்விட்டாள். சந்தோஷத்தில் இருந்த விண்ணரசி அந்தப் பாதிப் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கையில் இருந்ததை அச்சாரமாகக் கொடுத்தார்கள். சித்திரையில் முந்திரிப் பணம் வந்ததும் பத்திரம் பதிவதென்று பேச்சு.

விண்ணரசி அப்போது மறுபடியும் கருவுற்றிருந்தாள். தை பிறந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். மரியசூசை ஞாயிறு தவறாமல் புதுத்தோப்புக்குப் போய் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். கருப்பண்ணன் ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்தார். வெயில் ஏறியதும் மோரோடு நுங்கும் வந்தது. தண்ணீர் வரவில்லை. அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

சித்திரையில் விண்ணரசி பெண்குழந்தையோடு திரும்பினாள். சாந்தி மேரி என்று ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். அண்ணன் சொன்ன வார்த்தை தவறாமல் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போவதாக ஏற்பாடு.

அன்று முற்பகலில் முத்தாயி வந்தாள். தலையில் தயிர்ப்பானை, அதன்மேல் இன்னொரு சின்னப் பானை. குழந்தையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள். தயிரை அளந்து ஊற்றினாள். பிறகு சின்னப் பானையை விண்ணரசியின் முன்னால் நகர்த்தினாள்.

"இது எங்க கெணத்துத் தண்ணி. ஒன் பருப்ப இதுல ஒருக்காப் போட்டுப் பாரு."

"அதான் அன்னிக்கே பாத்தமே அக்கா?"

"அன்னிக்குப் பாத்தது மழ பேஞ்ச தண்ணி. காத்திகயில இந்தச் சீமையில பாதிக் கெணறு இனிக்கத்தான் செய்யும். பங்குனி பொறந்தா எங்க கெணத்த மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். நா குடத்தத் தூக்கிக்கிட்டுக் காளவாய் மேட்டுக்கு நடக்குறேன், வருசா வருசம்."

விண்ணரசி தயிர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "இத அன்னிக்கே..."

"சொல்ல வந்தேன், கூப்புட்டுட்டான். நா அவன் சோத்தத் தின்னுறவ புள்ள. அவன் வாயில மண்ணப் போட்டேன்னு வரக்கூடாது. ஆனா நீ கைப்புள்ளய வெச்சிருக்க. இடுப்புல புள்ள, தலையில குடம், காலுல வெயிலு... நா நடந்தாப் போதும், நீயும் நடக்க வேணாம்." முத்தாயி எழுந்து சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். "நா தயிர் ஊத்த வந்தேன். ஊத்திட்டேன். வரட்டா?"

அவள் போன பிறகு விண்ணரசி ஒரு சொட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பும் கசப்புமாக இருந்தது. நம்ப மனமில்லாமல் பருப்பையும் போட்டாள். தூளியில் குழந்தை தூங்கி எழும்வரை அது கொதித்தது. கல்யாணமான மறுநாள் சட்டியடியில் கிடந்த அதே பருப்பைப் பார்ப்பது போலிருந்தது.

தன் தப்பு அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் மாதத்துக்கு மாதம் குணம் மாறும் என்று வரதராசன்பேட்டைக்காரிக்கு எப்படித் தெரியும்? இந்தச் சட்டியைக் கணவனிடம் காட்டினால் எங்கிருந்து வந்த தண்ணீர் என்று கேட்பான். மரியசூசையிடம் சொன்ன ரகசியம் கடைத்தெருவில் காஜா எடுக்கிற பையன்வரைக்கும் போய்விடும். அது கருப்பண்ணன் காதை எட்டினால் முத்தாயிக்கு ஒதுங்க ஒரு கூரை இருக்காது.

சாயங்காலம் கணவன் வந்ததும் அவள் இவ்வளவுதான் சொன்னாள்: "நாளைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முந்தி, நம்ம மனையில அடுப்பு கூட்டி ஒருக்காப் பருப்பு வேகவெக்கணுங்க."

"வெந்த பருப்ப மறுபடியும் வேகவெக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்."

"வூடு கட்டுனாப் பால் காச்சுவாங்க. மனைக்கு நா பருப்புக் காச்சுறேன். நீங்க வேணாம்னு சொல்லக்கூடாது."

மறுநாள் காலையிலேயே மாமரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். கருப்பண்ணன் வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா இது, நல்ல நேரம் போயிரும். மொதல்ல மோர் குடிங்க, அப்பறம் பேசிக்கலாம்!"

"மோர் அப்பறம் குடிக்கிறோங்க. ஒரு குடம் தண்ணி மட்டும் எறச்சுக் குடுங்க."

கருப்பண்ணன் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். முத்தாயி சாணி தட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. அவரே போய் இறைத்துவந்தார்.

சுள்ளி எரிந்தது. மரியசூசை முதலில் வேடிக்கை பேசினான். பிறகு குனிந்து சட்டியைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் சுள்ளி பொறுக்கி வந்தான். கடைசியில் ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் வைத்து நசுக்கினான். அது நசுங்கவில்லை. அவன் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாக மாங்காய் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் மனசுக்குள் கட்டிய சன்னல், மிஷின், தெற்கத்திக் காற்று எல்லாம் அந்த மரத்தடியில்தான் இருந்தன. அவன் பேச்சே இல்லாமல் நிற்பதை விண்ணரசி அன்றுதான் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஆழமாத் தோண்டுனா நல்ல தண்ணி வரும்" என்றார் கருப்பண்ணன்.

"நீங்க தோண்டிப் பாத்தீங்களாண்ணே?" என்று மரியசூசை கேட்டான்.

கருப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பாத்தேன். வரல." பிறகு, "நா பொய் சொல்லல டைலரே. நீங்க கேக்கல, நா சொல்லல."

"வெத்தல மாத்தியாச்சே..." என்று மரியசூசை இழுத்தான். கொடுத்த வார்த்தை அவனைப் பிடித்து நிறுத்தியது. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வேண்டிய பணம் விண்ணரசியின் மடியில் இருந்தது. குழந்தை அவள் தோளில் இருந்தது. அவள் கணவனைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்:

"வெத்தலய மாத்திக்கலாங்க. தண்ணிய மாத்த முடியாது. நா இன்னொரு வாசல்ல கொடத்தோட நிக்க மாட்டேன். என்னால முடியாது."

எதிர்வீட்டு வாசலில் அவள் நின்றதையெல்லாம் மரியசூசை தினமும் பார்த்தவன்தானே? அவன் முழக்கோலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்கண்ணே. எனக்கு வேணாம்."

அச்சாரத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் கருப்பண்ணனுக்கு இல்லை. வழக்கம் அப்படி. ஆனாலும் அவர் உள்ளே போய்ப் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். "மிச்சம் செலவாயிருச்சு. அதுக்குப் பதிலா மாங்கா எடுத்துக்குங்க" என்று இரண்டு சாக்கு மாங்காய் பறித்துக் கட்டி, தன் வண்டியிலேயே ஏற்றிவிட்டார். "என் பருப்பு ஒங்கூட்டுக்காரிகிட்ட வேகல டைலரே" என்று வலிந்து சிரிக்கவும் செய்தார்.

மாங்காய் வண்டி நேராகக் காளவாய் மேட்டுக்குப் போயிற்று. வழியில் கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகும்வரை மரியசூசை மாங்காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து பெட்டிகளை எண்ணினான். அந்தப் பக்கம் கொளஞ்சியப்பன் தூரத்திலேயே கண்டுகொண்டு, "பருப்பம்மா வந்துட்டாங்க, அடுப்பப் பத்த வெய்யுங்கடா!" என்று கத்தினார்.

உச்சி வெயிலில், நல்ல சித்திரையில், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தது. விண்ணரசி உப்புப் போட்டுக் கடைந்து இலையில் வைத்தாள். மரியசூசை மாங்காயைக் கடித்துக்கொண்டு தின்றான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான். பிறகு மாங்கொட்டையைக் கையில் வைத்துப் புரட்டியபடி, "ஏங்க, இந்த மண்ணுல இது மொளைக்குமா?" என்று கொளஞ்சியப்பனைக் கேட்டான்.

"சுண்ணாம்பு மண்ணு. மொதல்ல மொரண்டு பிடிக்கும். தண்ணி ஊத்துனா வந்துரும்" என்றார் அவர்.

அந்த வாரமே பத்திரம் பதிந்தார்கள். ஆகஸ்டு மாதம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது ஊரில் எல்லாருக்கும் கொடி வேண்டியிருந்தது. மரியசூசையின் மிஷின் இரவு பகலாக ஓடியது. மூவர்ணத் துணி தைத்த கூலியில்தான் கூரைக்கு ஓடு வாங்கினார்கள். இடிந்த காளவாயின் செங்கல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லி, சுண்ணாம்பையும் கொளஞ்சியப்பன் சும்மாவே கொடுத்தார். நாற்பத்தெட்டு தையில் பால் காய்ச்சினார்கள். பாலுக்கு முன்னால் விண்ணரசி ஒரு கை பருப்பையும் அடுப்பில் போட்டாள் என்று மரியசூசை கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

புது வீட்டில் அவள் முதலில் செய்த காரியம், கிணற்றுக்கு நல்ல தேங்காய்நார்க் கயிறு வாங்கிப் போட்டதுதான். அதை அவள் ஒரு நாளும் உள்ளே எடுத்து வைத்ததில்லை. "கயிறு வெயில்ல நைஞ்சு போயிரும்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். "நைஞ்சா வேற வாங்கிக்குவம்" என்றாள்.

பங்குனி பிறந்ததும் முத்தாயி தயிர்ப்பானையோடு வந்தாள். தயிரை ஊற்றிவிட்டுப் பானை நிறையத் தண்ணீர் எடுத்துப் போனாள். இரண்டு பெண்களும் அந்தப் பழைய சங்கதியைப் பேசவே இல்லை. விண்ணரசி அவளுக்கு முன்னால் வேறு யாரையும் வாளியைத் தொட விடுவதில்லை, அவ்வளவுதான். "தயிர்க்காரிக்கு இம்மாம் மரியாதையா?" என்று மரியசூசை கேட்டான். "நல்ல தயிருங்க" என்றாள் அவள்.

அந்தச் சித்திரையில் முத்தாயிக்குக் காய்ச்சல். கருப்பண்ணன் மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றிக்கொண்டு தானே வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கத் தயங்கினார். மரியசூசை மிஷினை விட்டு எழுந்து ஓடினான்.

"வாங்கண்ணே, வாங்க! மொதல்ல மோர் குடிங்க!"

கருப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மோர் வேணாம் சாமி. தண்ணி குடு."

செம்பு நிறையக் குடித்துவிட்டு அவர் கிணற்றடியில் உட்கார்ந்தார். புதுத்தோப்பை மனையாக விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மாங்காய் வியாபாரத்தோடு நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார். மரியசூசை பீப்பாயைச் சரிபார்க்க வண்டிப் பக்கம் போனதும், விண்ணரசியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அன்னிக்கு அக்கா தயிரு விக்கக் கெளம்பறப்ப மேல ஒரு பானை இருந்துச்சு. கெணத்தடியில மொண்டதப் பாத்தேன்."

விண்ணரசி நிமிர்ந்து பார்த்தாள். "பாத்துட்டா விட்டீங்க?"

"கைப்புள்ளக்காரிக்கு விக்கிறமேன்னு எனக்கும் உறுத்தல்தான். வெத்தல மாத்துன பொறவு எந்த வாயால சொல்லுறது? சரி, அவ போவட்டும்னு மாட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டேன்." அவர் செம்பைக் கவிழ்த்து வைத்தார். "அவகிட்ட இதச் சொல்லாத. தம்பிக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. சந்தோசமா இருக்கட்டும்."

விண்ணரசி சரியென்று தலையாட்டினாள். குழந்தையை இறக்கி, கிணற்றடி நிழலில் ஒரு முழம் வளர்ந்திருந்த மாங்கன்றுக்குப் பக்கத்தில் விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைக் கிணற்றில் விட்டாள்.

"நா எறச்சுக்குறேன் தாயி" என்று கருப்பண்ணன் எழுந்தார்.

"இருங்கண்ணே. மொதப் பத்து வாளி நா எறைக்கிறேன்" என்றாள்.